செஷல்ஸ் பீச் சாக்கர் வேர்ல்டு கப் நடத்துதான், நம்ம உவரி மணல்ல என்னலே கொறச்சல்?

உவரி அலை
மக்கா ஒரு வயித்தெரிச்சல கொட்டணும், பொறுத்துக்கிடுங்க. 2025 மே மாசம் இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷல்ஸ்ல பீச் சாக்கர் (மணல்ல ஆடுற ஃபுட்பாலு) வேர்ல்டு கப் நடந்துச்சுல்லா, ஃபிஃபா நடத்துறது, 16 நாட்டு ஆம்பள டீம். அந்த ஃபைனல நேத்து ராத்திரி திரும்பவும் ஒக்காந்து முழுசா பாத்தேன். பிரேசில் 4 பெலாரஸ் 3. என்னா ஆட்டம்லே அது, பந்து தரையிலயே நிக்க மாட்டேங்கு. பாத்துட்டு தூக்கம் வரல எனக்கு. செஷல்ஸ்ல மொத்த சனமே ஒரு லட்சத்துக்கு கொஞ்சம் மேல, நம்ம திருநெல்வேலி மாநகராட்சில பாதி கூட வராது. அவன் வேர்ல்டு கப் நடத்துதான். நம்ம தூத்துக்குடி, திருநெல்வேலி கடக்கரைல பெரியதாழைல இருந்து கூட்டப்புளி வர மணலா கெடக்கு, ஒவ்வொரு ஊர்லயும் கோயில் திருவிழான்னா ஃபுட்பால் கப் இல்லாம கொடி ஏறாது, பொறந்த பிள்ள நடக்க ஆரம்பிச்சதும் பந்த ஒதைக்கு. நமக்கு ஏன் ஒண்ணும் இல்ல? கடக்கரைக்காரனுக்கு உரிமையுள்ள வெளையாட்டு இது. எவனோ ஆடுதான், நாம போன்ல பாக்கோம்.

பாளைக்காரன்
அண்ணாச்சி வயித்தெரிச்சல் சரிதான், ஆனா கடல் இருந்தா வந்துரும்னு சொல்லுதீயல்லா, அங்கதான் இடிக்கி. நீங்க பாத்த ஃபைனல்ல பெலாரஸ் ஆடுச்சே, அந்த நாட்டுக்கு கடல் உண்டா? ஒரு சொட்டு கெடையாது. சுத்தி ரஷ்யா, உக்ரைன், போலந்து, லிதுவேனியா, லாட்வியா. 2009ல துபாய் ஃபைனல்ல பிரேசில்கிட்ட 10-5ன்னு தோத்தது யாரு, சுவிட்சர்லாந்து. அங்க மலைதான் இருக்கு. அந்த டோர்னமெண்ட்ல அதிக கோல் அடிச்சவனும் சுவிஸ்காரன் தான், தெயான் ஸ்டான்கோவிச், 16 கோலு (இன்டர் மிலான்ல அதே பேருல ஆடுன செர்பியாக்காரன் வேற ஆளு, கொழப்பிக்கிடாதீய). 2019ல நடத்துனது பராகுவே, அதுக்கும் கடல் இல்ல. 2021ல மாஸ்கோ. மாஸ்கோல எந்த பீச்ல போயி கால நனைக்க?

கடல் இல்லாதவன் எல்லாம் ஃபைனல் வாரான், 7,000 கிலோமீட்டருக்கு மேல கடற்கரை வச்சிருக்க இந்தியா இன்னும் ஒரு வேர்ல்டு கப்புக்கு கூட போனதில்ல. அப்ப பிரச்ன கடல்ல இல்ல அண்ணாச்சி.

உவரி அலை
பாளைக்காரன் கடலப் பத்தி பேச வந்துட்டான்யா 😀 ஒங்க ஊர்ல தண்ணின்னா ஆத்துப்பாலத்துக்கு அடியில ஓடுததுதான். சரி நீ சொல்லு, பின்ன எதுல பிரச்ன?

கூத்தங்குழி கீப்பர்
நான் சொல்லட்டா. ரெண்டு பேரும் பேசுறத பாத்துகிட்டே இருந்தேன், கை அரிக்கி.

உவரி அண்ணாச்சி, நம்ம பயலுவ கடக்கரைல ஆடுறானுவல்லா, எங்க ஆடுறானுவன்னு ஒரு சாயங்காலம் போயி நின்னு பாருங்க. அலை ஏறி எறங்குற ஈர மணல்ல. தண்ணி வத்துன நேரம் அது சிமெண்ட் தர மாதிரி இறுகி கெடக்கும், பந்து உருளும், பாஸ் தரையோட போவும், ஓடலாம். அது கடக்கரைல ஆடுற ஃபுட்பாலு, பீச் சாக்கர் இல்ல. பீச் சாக்கருக்கு வேண்டியது காஞ்ச மணல், கொறஞ்சது 40 சென்டிமீட்டர் ஆழம், கால் வச்சா கணுக்கால் வர உள்ள போவணும். அதுல பந்த உருட்டிப் பாருங்க, ரெண்டு அடி போயி குழில உக்காந்துக்கிடும். அதான் அவனுவ பந்த மேலயே வச்சிருக்கானுவ. பெருவிரல பந்துக்கு அடியில விட்டு மணலோட சேத்து ஒரு தோண்டு தோண்டி தூக்கணும், தொடைல வாங்கணும், அடுத்தவன் நெஞ்சுக்கு அனுப்பணும், கோலுக்கு முன்னாடி ஒருத்தன் முதுக காட்டி நிப்பான், அவன் நெஞ்சுல வாங்கி அப்படியே மல்லாந்து அடிப்பான். புல்லு கிரவுண்டுல மல்லாந்து அடிச்சா இடுப்பு போயிரும், இங்க விழுந்தாலும் மணல் தாங்கிக்கிடும், அதனால ஒவ்வொரு மேட்ச்லயும் அத பாக்கலாம்.

எங்க டீம்ல பந்த கால்லயே வச்சு வெட்டி வெட்டி போற ஒரு தம்பி உண்டு, ஏழு பேரு ஆடுற செவன்ஸ்ல மூணு பேர ஏமாத்திட்டு போவான். அவன வல காயப்போடுற மேட்டு மணல்ல கொண்டு விட்டோம் ஒரு நாள். பத்து நிமிசத்துல நாக்கு தள்ளிட்டு, பந்து ஒரு பக்கம் இவன் ஒரு பக்கம். ஆனா வாலிபால் ஆடுற இன்னொருத்தன், ஃபுட்பால்ல சுமாரு தான், அவன் அங்க ராசா மாதிரி ஆடுதான். குதிக்க தெரிஞ்சவனுக்கும் காத்துல பந்தோட கணக்கு தெரிஞ்சவனுக்கும்தான் அந்த மணல் கேக்கும்.

சுவிஸ்காரனும் பெலாரஸ்காரனும் லாரில மணல் கொண்டாந்து கொட்டி, அளந்து கயிறு கட்டி, வருசம் முழுக்க அந்த ஆழத்துலயே ஆடுதான். நாம அலைக்கு பக்கத்துல சுகமா ஆடுதோம். இம்புட்டுதான் வித்தியாசம்.

ரெண்டாங்கெட்டான்
எனக்கு ஒரு டவுட்டு. இது நம்ம அஞ்சு பேரு ஆடுற ஃபைவ்ஸ் தானே மணல்ல? ரூல்ஸ் எல்லாம் அதேதானா, ஆஃப்சைடு உண்டா. நான் கிரிக்கெட் பார்ட்டி, அடிக்காதீங்க.

கூத்தங்குழி கீப்பர்
ஆஃப்சைடு கெடையாது தம்பி. கீப்பரோட சேத்து அஞ்சு பேரு, ஷூ கெடையாது வெறுங்காலு, வேணும்னா கணுக்காலுக்கு துணி சுத்திக்கிடலாம். 12 நிமிசம் வீதம் மூணு ஆட்டம், ஆக 36 நிமிசம், மாத்து ஆளு எத்தன தடவ வேணும்னாலும் எறக்கலாம். 36 தானான்னு கேக்காத, ரெண்டு நிமிசம் ஓடிட்டு வந்து பேசு. கிரவுண்டு நீளம் 35ல இருந்து 37 மீட்டர், அகலம் 26ல இருந்து 28. கோல் போஸ்ட் அகலம் 5.5 மீட்டர், ஒசரம் 2.2. எனக்கு புடிச்சது ஃப்ரீ கிக். எல்லாம் டைரக்ட், செவரு கட்டக் கூடாது, அடிக்கிறவனுக்கும் கீப்பருக்கும் நடுவுல ஒரு பயலும் நிக்க மாட்டான். மணல கூட்டி சின்ன மேடு வச்சு அது மேல பந்த வச்சு அடிப்பானுவ. கீப்பரா நிக்கவனுக்கு உயிரு போவும். ஆனா கீப்பரும் சும்மா இல்ல, தன் கோல்ல இருந்தே எதிர் கோலுக்கு அடிப்பான், விழவும் செய்யும்.

டிராவும் கெடையாது. ஆட்டத்துக்குள்ள ஜெயிச்சா 3 பாயிண்ட், எக்ஸ்ட்ரா டைம்ல ஜெயிச்சா 2, பெனால்டில ஜெயிச்சா 1, தோத்தவனுக்கு முட்ட. ஒரு மேட்ச்சுக்கு ஏழு எட்டு கோல் சாதாரணம். 2011 ஃபைனல் போயி பாரு, ரஷ்யா 12 பிரேசில் 8.

ரெண்டாங்கெட்டான்
12-8ஆ?? கபடி ஸ்கோரால்லா இருக்கு

மாஹே மாப்ள
செஷல்ஸ் பேரு அடிபடுதேன்னு உள்ள வந்தேன். நமக்கு திசையன்விளை பக்கம், இப்ப மாஹே தீவுல கன்ஸ்ட்ரக்சன் வேல. அந்த 11 நாளும் இங்கதான் இருந்தேன், மே 1ல இருந்து 11 வர. ஆப்பிரிக்கால இந்த வேர்ல்டு கப் நடந்தது இதான் மொத தடவ, அதனால ஊரே கொடியும் தோரணமுமா கெடந்துச்சு. எல்லா மேட்ச்சும் ஒரே எடத்துல, பாரடைஸ் அரினான்னு பேரு. இது நல்லா கவனிங்க, 16 டீமு 32 மேட்ச்சு, எல்லாத்துக்கும் ஒரே ஒரு மணல் கிரவுண்டு. சுத்தி கேலரி. பெரிய ஃபுட்பால் வேர்ல்டு கப்புக்கு பத்து பன்னெண்டு ஸ்டேடியம் வேணும், இதுக்கு ஒண்ணு போதும். சின்ன தீவுக்காரன் கட்டுபடியாவும்னு எறங்குனதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அவங்க டீம் குரூப்லயே வெளிய போயிட்டு, ஜப்பானும் பெலாரஸும் மேல ஏறிட்டானுவ. ஆனா செஷல்ஸ் ஒரு கோல் போட்டா என்னா சத்தம், நம்ம ஊர்ல தேரு நெலைக்கு வந்த மாதிரி. இங்க தமிழ் ஆளுக நெறைய உண்டு, விக்டோரியா டவுனுக்குள்ள நவசக்தி விநாயகர் கோயிலு கோபுரத்தோட நிக்கி, அங்க சாயங்காலம் வாரவிய எல்லாம் அந்த பத்து நாளு ஃபுட்பால்தான் பேசுனாவ. நம்ம ஊர்க்காரன் நாலு பேரு சேந்து ஒரு மேட்ச்சு போனோம். உவரி அண்ணாச்சி சொன்னத நானும் அங்க உக்காந்து நெனச்சேன், பொய் சொல்லல.

உவரி அலை
பாத்தியா, நேர்ல பாத்த ஆளே சொல்லுதாரு. மாப்ள, மணல் எப்படி இருந்துச்சு, தொட்டு பாத்தியா

மாஹே மாப்ள
கிரவுண்டுக்குள்ள விடமாட்டான் அண்ணாச்சி. ஓரத்துல இருந்து பாத்ததுதான். ஒவ்வொரு மேட்ச்சு முடிஞ்சதும் ஆளுக வந்து மணல இழுத்து சமப்படுத்துறத பாத்தேன், அத விட்டா குண்டும் குழியுமா ஆயிரும். கோடு போட சுண்ணாம்பு எல்லாம் இல்ல, நீலக்கலர் பட்டை நாடா, மணல் மேல இழுத்து கட்டியிருப்பான். நடுக்கோடு கெடையாது, ரெண்டு பக்கமும் சிவப்பு கொடி நட்டிருப்பான், அத வச்சு கண்ணால அளந்துக்கிட வேண்டியதுதான்.

பாளைக்காரன்
நம்ம நாட்டு நெலமையும் ஒரு வரி சொல்லிருவோம். இந்தியாவுக்கு பீச் சாக்கர் டீமே இல்லன்னு நெறைய பேரு நெனைக்கான், அது தப்பு. 2025 மார்ச்ல தாய்லாந்து பட்டாயால நடந்த ஆசியக் கோப்பைல ஆடுனோம், குரூப்ப தாண்டல. ஆசியால இருந்து வேர்ல்டு கப்புக்கு மூணே எடம், அத ஈரான், ஓமன், ஜப்பான் எடுத்துட்டு போயிட்டானுவ. நேஷனல் சாம்பியன்ஷிப்பு 2023ல சூரத்துல நடந்துச்சு, கேரளா கப் அடிச்சான். நமக்கு பக்கத்து வீட்டுக்காரன். 2025 மே மாசம் தியூல கேலோ இந்தியா பீச் கேம்ஸ் மொத தடவயா நடந்துச்சு, அதுலயும் பீச் சாக்கர் உண்டு. ஆக கதவு தெறந்துதான் கெடக்கு, நம்ம பக்கத்துல இருந்து உள்ள போவத்தான் ஆளு இல்ல.

தேரிக்காடு
நீங்க எல்லாரும் கடல் மணலயே சுத்திச்சுத்தி வாரீங்க. எங்க குதிரைமொழி தேரிய மறந்துட்டீயளே. செக்கச்செவேல்னு மணல் மல மாதிரி கெடக்கு, கணுக்கால் என்ன முழங்கால் வர போவும். கடல் தேவயில்லன்னு பாளைக்காரரே சொல்லிட்டாரு. தேரிக்குள்ள ஒரு வேர்ல்டு கப் வையுங்கய்யா, உலகத்துலயே செவப்பு மணல்ல நடந்த மேட்ச்சுன்னு பேரு வரும்.

கூத்தங்குழி கீப்பர்
பேரு வரும் அண்ணாச்சி, கண்ணும் போவும். தேரி மணல் ரொம்ப பொடி, காத்தடிச்சா எந்திரிச்சு பறக்கும், அதுலயும் ஆனி ஆடில கச்சான் காத்து அடிக்கும்போது எதிர்ல நிக்கவன் தெரிய மாட்டான். ரூல் புக்லயே இருக்கு, கல்லு சிப்பி கெடக்கக் கூடாது, ரொம்ப பருசாவும் இருக்கக் கூடாது, தூசி கெளம்புற அளவுக்கு ரொம்ப பொடியாவும் இருக்கக் கூடாதுன்னு. எங்க பக்கத்து மணல்லயும் ஒரு சிக்கல் உண்டு, கருமணல் கலந்தது. மத்தியானம் ரெண்டு மணிக்கு வெறுங்கால வச்சு பாருங்க, அப்பளம் பொரிக்கலாம். ஆடுனா காலைல இல்ல நாலரைக்கு மேல.

மணப்பாடு செல்வி
தம்பிகளா, மணலுக்கு ஆழம் அளக்கீங்க, பொடி பருசு பாக்கீங்க, அந்த மணல்ல இப்ப என்ன நடக்குன்னு ஒருத்தனும் பேசல. அந்த மேட்டு மணல் சும்மா கெடக்குன்னா நெனைக்கீங்க? வள்ளம் ஏத்தி வைக்கிற எடம் அது. வல காயுது, கிழிஞ்சத ஒக்காந்து முடியுறோம், நாங்க கருவாடு பரத்துறோம். ஒங்க 37 மீட்டர வளைச்சு கயிறு கட்டிட்டு பந்து ஆடுதோம்னா கருவாட்ட எங்க கொண்டு போட? போதாக்கொறைக்கு வருசா வருசம் கடல் உள்ள வந்துகிட்டே இருக்கு, தூண்டில் வளைவு (அலைய தடுக்க கடலுக்குள்ள கல்லு கொட்டுறது) போட்டா ஒரு பக்கம் மணல் சேருது, அடுத்த பக்கம் அரிக்குது. எங்க ஊர்ல நான் சின்னப் பிள்ளையா ஓடுன மணல்ல பாதி இப்ப தண்ணிக்குள்ள. "மணலா கெடக்கு"ன்னு உவரித் தம்பி எழுதிருக்கத பாத்து சிரிப்புதான் வந்துச்சு.

ஆட வேண்டாம்னு சொல்லல. ஊர் கமிட்டில கேட்டு, தொழிலுக்கு எடஞ்சல் இல்லாத எடமா பாருங்க. பிறவு ஆம்பள டீம் ஆம்பள டீம்னே பேசுதீங்க, பொம்பளப் பிள்ளைகளும் மணல்ல ஓடும், அத ஞாபகத்துல வச்சுக்கோங்க.

உவரி அலை
செல்வியக்கா நீங்க சொல்லுதது நூத்துக்கு நூறு. நானே வள்ளத்துக்காரன் வீட்டுப் பிள்ளதான், தொழில கெடுத்துட்டு ஆட்டம் வேண்டாம். ஆனா ஞாயித்துக்கெழம தொழிலுக்கு போமாட்டோம்லா, சனி சாயங்காலமே வலய சுருட்டிருவோம். அந்த ஒரு நாளு எடம் கெடைக்கும். நெரந்தரமா எதுவும் கட்ட வேண்டாம், கட்டவும் முடியாது, கடக்கரை ஒழுங்குமுறை சட்டம் உண்டு, ஒரு செங்கல் வைக்க பர்மிஷனுக்கு அலையணும். கம்ப நட்டு ஆடிட்டு புடுங்கிட்டு வந்துர வேண்டியதுதான்.

பாளைக்காரன்
இல்லன்னா எங்க ஊருக்கு வாங்க, ரெண்டு டிப்பர் மணல்ல முடிச்சிருவோம் 😜

கூத்தங்குழி கீப்பர்
எந்த ரெண்டு டிப்பர்? கணக்கு போடு தம்பி. 37க்கு 28, ஆழம் 0.4. நானூறு கன மீட்டருக்கு மேல வருது. சின்ன டிப்பர்னா நூறு லோடு. அதுவும் இன்னைக்கு மணல் விக்கிற வெலைக்கு. ஆத்துல அள்ளுனா போலீசு வந்து நிக்கும். அந்த வகைல நம்ம கடக்கரைக்காரன் குடுத்து வச்சவந்தான், மணல் தானா கெடக்கு, உவரி அண்ணாச்சி அந்த மட்டுக்கும் சொன்னது சரி.

ரெண்டாங்கெட்டான்
பெரிய ஸ்டார் யாருமே இல்லாத வெளையாட்டால்லா தெரியுது, அதான் இங்க எவனும் பாக்கல போல

பாளைக்காரன்
யாரு சொன்னா. 2005ல ரியோ கோபகபானா கடக்கரைல ஃபிஃபா மொத தடவ எடுத்து நடத்துச்சுல்லா, அதுல கப் அடிச்சது ஃபிரான்சு, கோச் யாருன்னா எரிக் கன்டோனா, மான்செஸ்டர் யுனைடெட்ல ஆடுன பழைய ஸ்டாரு. ஃபைனல்ல போர்ச்சுகல பெனால்டில சாச்சான். அதுக்கு முன்னாடி 95ல இருந்தே பிரேசில்ல வருசா வருசம் உலகப் போட்டி நடந்துச்சு, ஜிகோ, ஜூனியர், ரொமாரியோன்னு பெரிய ஃபுட்பால் ஸ்டாருங்க எல்லாம் மணல்ல ஆடுனவனுவதான். போர்ச்சுகல்ல மாட்ஜெர்னு ஒருத்தன், 2006ல ஒரே டோர்னமெண்ட்ல 21 கோல், 2015ல அவன் ஆடுன டீமு எஸ்பின்யோல சொந்த ஊர் சனத்துக்கு முன்னாடி கப்ப தூக்குச்சு. அந்த ஃபைனல்ல தோத்தது யாரு தெரியுமா, தஹிதி. பசிபிக் நடுவுல புள்ளி மாதிரி ஒரு தீவு. 2013ல அவனுவ ஊர்லயே நடத்தி நாலாவதா வந்தான், அடுத்து 2015லயும் 2017லயும் தொடர்ச்சியா ஃபைனல். அந்த 2013 டீமுக்கு கோச் ஆரு, சுவிட்சர்லாந்துக்காரன். மலைக்காரன் வந்து தீவுக்காரனுக்கு மணல்ல ஆட சொல்லிக் குடுத்தான், உவரி அண்ணாச்சி இத ரெண்டு தடவ வாசிங்க.

உவரி அலை
வாசிச்சேன் வாசிச்சேன். அந்த தீவுக்காரன் கத்துக்கிட்டு ரெண்டு ஃபைனல் போனான்லா, சுவிஸ்காரன் ஒண்ணுதான் போனான். அத நீ ரெண்டு தடவ வாசி.

தென்காசி சாரல்
நல்லா போகுது சண்ட. ஆளு வேணும்னா ஜப்பான் வழி இருக்கே, ஓசு மொரேரான்னு பிரேசில்ல பொறந்தவன் ஜப்பான் குடியுரிமை வாங்கி கேப்டனாவே ஆனான், 2021ல ஃபைனல் வர போனானுவ.

பாளைக்காரன்
அது நமக்கு நடக்காது, இங்க ரெட்ட குடியுரிமை கெடையாதுல்லா, எவன் பிரேசில் பாஸ்போர்ட்ட விட்டுட்டு வருவான். கூத்தங்குழில, தூத்தூர்ல இல்லாத ஆளா. கேரளாக்காரன் என்ன வெளிநாட்டுல இருந்தா ஆளு கொண்டாந்தான்.

கூத்தங்குழி கீப்பர்
சரி பேச்சு போதும், நான் ஒண்ணு சொல்லுதேன். பங்குனிக்கு மேல வைகாசிக்குள்ள, கச்சான் எந்திரிக்கதுக்கு முன்னாடி, ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம். உவரில வைப்போம். பந்து காத்துல இருக்குற ஆட்டம், காத்து அடிச்சா ஒண்ணும் நடக்காது, அதனால மாசம் முக்கியம். நாலு டீம் போதும். முழு ரூல், 12 நிமிசம் மூணு ஆட்டம், ஈர மணல் பக்கமே போகக் கூடாது.

பெரிய வேல மணல சுத்தம் பண்ணுறது. மேட்டு மணல்ல ராவணன் மீசங்கிற முள்ளுப் புல்லு உருண்டுகிட்டு கெடக்கும், அந்த முள்ளு வெறுங்கால்ல ஏறுனா அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுது. சிப்பி ஓடு, மீன் முள்ளு, தூண்டில் துண்டு, பாட்டில் சில்லு, எல்லாம் உண்டு. மேல ஒரு சாண் மணல சலிச்சுதான் ஆவணும். அடப்பங்கொடி படந்த பக்கம் மட்டும் கைய வைக்காதீங்க, அது கெடக்கவரைக்கும்தான் மணலு அங்க நிக்கும்.

தேரிக்காடு
சமப்படுத்த எங்கிட்ட கேளுங்க. எங்க மச்சான் உப்பளத்துல வேல பாக்கான், உப்பு வார்ற நீளப் பலக ரெண்டு வாங்கித் தாரேன். நாலு பேரு இழுத்தா அரமணி நேரத்துல கிரவுண்டு கண்ணாடி மாதிரி ஆயிரும்.

மணப்பாடு செல்வி
சலிக்கிறதுக்கு பொம்பளைங்கள கூப்பிடுவீங்கன்னு எனக்கு தெரியும். வாரோம். ஆனா நாலு டீம்ல ஒண்ணு எங்க பிள்ளைக டீமு, இல்லன்னா சல்லட வராது.

உவரி அலை
அக்கா ஒத்துக்கிட்டேன், கமிட்டில நான் பேசுதேன். டீமு: எங்க ஊரு, கூத்தங்குழி, மணப்பாடு பிள்ளைக, அப்புறம் பாளை. கடல் வேண்டாம்னு சொன்ன ஆளு வந்து ஆடிக் காட்டட்டும்.

பாளைக்காரன்
வாரோம். ஆனா ரெஃப்ரி யாரு? உவரிக்காரன் ரெஃப்ரின்னா நான் வரல, இப்பவே சொல்லிட்டேன். திருவிழா கப்புல ஒங்க ஊர் ரெஃப்ரி ஊதுன பெனால்டி இன்னும் நெஞ்சுல இருக்கு.

மாஹே மாப்ள
அந்த மாசம் நான் லீவுல வருவேன். இங்க மேட்ச்சு பாத்த ஆளு, ரூல் பாதி மனப்பாடம். நான் ஊதட்டா?

பாளைக்காரன்
திசையன்விளைல இருந்து உவரி எத்தன கிலோமீட்டர் மாப்ள? ஒரே கூட்டமால்லா இருக்கு.

கூத்தங்குழி கீப்பர்
தென்காசி சாரல் ஊதட்டும். அவருக்கு கடலும் இல்ல, எங்க யாரு மேலயும் பாசமும் இல்ல. விசில் மட்டும் கொண்டு வாங்க அண்ணாச்சி, கொடிக்கு சிவப்புத் துணி ரெண்டு, பெனால்டி கோட்டுக்கு மஞ்சத் துணி நாலு நான் எடுத்து வைக்கேன். கோல் வலைக்கு கவல வேண்டாம், வீட்டுக்கு வீடு கெடக்கு, சின்னக் கண்ணியா பாத்து எடுங்க, போன திருவிழால பந்து வலைய பொத்துகிட்டு போயி கோலா இல்லையான்னு ஒரு மணி நேரம் நின்னோம்.